நின்றபடி ஆடும் போலோவுக்குத் தரை பார்ப்பது

மைசூரில் மைதானம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பள்ளிக்கூட மைதானம், கம்பெனி வளாகத்து வாலிபால் கோர்ட், கல்யாண மண்டபத்தின் புல்வெளி என்று எது வந்தாலும் மண் கொட்டி, மட்டம் பார்த்து, ரோலர் ஓட்டி, புல் நட்டுக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் கூப்பிட்டார். கோயமுத்தூர்க்காரர். கம்பெனிகளிலிருந்து கூட்டமாக வரும் விருந்தாளிகளுக்கு ஏதாவது புது விளையாட்டு வைக்க வேண்டும் என்று சில பழைய செக்வே வண்டிகளுக்குப் பேசி வைத்திருந்தார். அதில் ஏறிக்கொண்டு போலோ ஆடலாமாம். எந்த இடத்தில் ஆடுவது என்பதுதான் என்னிடம் கேட்ட கேள்வி.

செக்வேயைப் பெயர் தெரியாமலே பலர் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, இடுப்பு உயரத்தில் பிடி. 2020-இல் மும்பை போலீஸ் வொர்லி கடற்கரைச் சாலையில் ரோந்துக்கு இறக்கியது இந்த ஜாதி வண்டிதான். அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் உருவாக்கி 2001 டிசம்பரில் வெளியுலகத்துக்குக் காட்டினார். நகரங்களின் போக்குவரத்தையே மாற்றிவிடும் என்றார்கள். மாற்றவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ரசிகர்கள் சிலர் அதில் ஏறி மட்டையால் பந்தை அடிக்க ஆரம்பித்தார்கள். ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் பெயரிலேயே ஒரு கோப்பை வந்தது. 2006-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த முதல் போட்டியில் சிலிக்கான் வேலி அணியும் நியூசிலாந்து அணியும் தலா இரண்டு கோல் போட்டு சமமாக முடித்தன. 2009-இல் ஜெர்மனியின் கொலோன் நகரம் வரைக்கும் அந்தக் கோப்பை போனது.

அணிக்கு ஐந்து பேர். எட்டு நிமிடம் வீதம் நாலு சுற்று. குதிரைப் போலோவில் சொல்கிற மாதிரியே சுக்கர் என்றுதான் சொல்கிறார்கள். பந்து மெத்தென்றது. மைதானம் சுமார் 200 அடி நீளம், 130 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். குதிரைப் போலோ மைதானம் 300 கஜ நீளம், 160 கஜ அகலம். கிட்டத்தட்ட பத்து ஏக்கர். இதற்கு அரை ஏக்கருக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும். மேனேஜர் மனதில் ஆசையைக் கிளப்பியதும் அந்த அளவுதான்.

இடத்தைக் காட்டிக்கொண்டே வந்தவர், நேராகப் பார்க்கிங்கில் போய் நின்றார். “ஏனுங்கண்ணா, இங்க பேவர் பிளாக் போட்டு நல்லா மட்டமாத்தான இருக்குது. இது ஆகாதுங்களா?”

பார்வைக்கு மட்டம்தான். குனிந்து ரசமட்டத்தை வைத்ததும் கதை வேறாக இருந்தது. கார் டயர் தினமும் ஏறி இறங்கும் தடத்தில் கற்கள் அரை அங்குலம் அமுங்கிப்போய், பக்கத்துக் கல்லின் ஓரம் சின்னப் படியாக நின்றது. நடுவில் மழைநீர் மேன்ஹோலின் இரும்பு மூடி. அதைச் சுற்றி சிமென்ட் பூச்சு பெயர்ந்து சரளை கிடந்தது. நடந்து போகிறவனுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த வண்டிக்கு அப்படியில்லை.

துடைப்பத்தைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடாத பிள்ளை கிடையாது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால் நிற்கும். செக்வே செய்வதும் அதையேதான். நீங்கள் முன்னால் சாய்ந்ததும் உள்ளே இருக்கும் உணர்கருவிகள் அதைக் கண்டுபிடித்து, மோட்டாரைச் சுழற்றி, சக்கரத்தை உங்கள் காலுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். விழப்போகிறவனை ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டே இருக்கும் வண்டி என்று சொல்லலாம். அந்த வேலை நடக்க வேண்டுமென்றால் சக்கரம் தரையைப் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் வழுக்கினாலோ, படியில் முட்டி ஒரு கணம் நின்றுபோனாலோ, தாங்குவதற்கு வண்டியால் வந்து சேர முடியாது. சைக்கிள் போலத் தடுமாறிச் சமாளிக்க நேரம் கொடுக்காது. ஆளை நேராக முன்னால் தள்ளிவிடும்.

கம்பெனியின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2003-இல் சுமார் 6,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். பேட்டரி தீரும் தறுவாயில் திடீரென வேகம் எடுத்தாலோ, ஏதாவது தடையில் மோதினாலோ, மோட்டாருக்குப் போதுமான சக்தி கிடைக்காமல் ஓட்டுபவர் விழ வாய்ப்பிருந்தது. இன்னொன்றை உலகமே டிவியில் பார்த்தது. 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலக தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 200 மீட்டரை ஜெயித்துவிட்டு ரசிகர்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். செக்வேயில் நின்றபடி படம் பிடித்துவந்த கேமராமேனின் வண்டிச் சக்கரம் ஓடுபாதை ஓரத்தில் இருந்த கேமரா தண்டவாளத்தில் ஏறியது. வண்டி போல்ட்டின் காலைப் பின்னாலிருந்து வாரி, இருவரும் மல்லாந்தார்கள். உலகத்தரமான செயற்கை ஓடுபாதைதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓரத்தில் இருந்த அந்த ஒரு விளிம்பு போதுமானதாக இருந்தது.

ஆகவே மென்மையா கடினமா, புல்லா சிமென்ட்டா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தரை ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. முழுக்கப் புல்லா, சரி. முழுக்க சிமென்ட்டா, அதற்கும் வழி இருக்கிறது. பாதி புல், பாதி கல், நடுவில் ஒரு மூடி என்றால் எனக்கு வேண்டாம். வண்டியோடு வரும் கையேடும் ஈரத்தரை, உதிரிச் சரளை, தரை சட்டென்று மாறும் இடம் எல்லாவற்றையும் எச்சரித்துத்தான் எழுதியிருக்கிறது.

சிமென்ட் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேனேஜர் பேவர் பிளாக்கை விட்டுவிட்டு அடுத்ததாக பாஸ்கெட்பால் கோர்ட்டைக் காட்டினார். கோர்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 28 மீட்டருக்கு 15 மீட்டர். ஐந்தைந்து பேர் மட்டையோடு சுற்ற இடம் பத்தாது. அதைவிடப் பெரிய விஷயம், டயர் அங்கே மிக நன்றாகப் பிடிக்கும். பிடிப்பது நல்லதுதானே என்பீர்கள். முன்னால் போக நல்லது. பக்கவாட்டில் இடிபட்டால் அதே பிடிப்பு எதிரியாகிவிடும். புல்லில் இடி வாங்கிய சக்கரம் கொஞ்சம் வழுக்கி விலகிக்கொடுக்கும். சிமென்ட்டில் சக்கரம் நகராது. வண்டியும் ஆளும் அதன் மேலேயே குடைசாய்வார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு என்னாகும் என்பதை எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். பந்தும் அங்கே நிற்காது. அடித்த அடிக்குக் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பலகை வைத்தே ஆக வேண்டும்.

சைக்கிள் போலோக்காரர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. அயர்லாந்தில் 1891-இல் தொடங்கிய அந்த ஆட்டம் புல்தரை ஆட்டம். இந்தியாவில் இன்றும் புல்லில்தான் ஆடுகிறார்கள். பிற்பாடு அமெரிக்காவில் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் இளைஞர்கள் அதைத் தார்த்தளத்துக்குக் கொண்டுவந்தபோது ஆளைக் குறைத்தார்கள், பந்தை மாற்றினார்கள், சுற்றிப் பலகை வைத்தார்கள். தரையை மாற்றியதும் வேறு ஆட்டமே பிறந்துவிட்டது. நம் ஹாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1975-இல் உலகக் கோப்பையை ஜெயித்த அணி, 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடி ஏழாவது இடத்துக்கு வந்தது. பக்கத்துக் குடகில் வீட்டுக்கு வீடு ஹாக்கி ஆடுகிற பெரியவர்களிடம் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் போகும்.

அந்தச் செயற்கைத் தரையில் செக்வே போலோ ஆடலாமா என்றால், காய்ந்திருக்கும்போது ஆடலாம். ஆனால் ஹாக்கிக்குப் போடும் தரை தண்ணீர் தெளித்து ஆடுவதற்கென்றே அமைந்தது. ஐம்பது கிலோ வண்டி நின்ற இடத்திலேயே திருகுவதற்கு அதன் தையல் தாங்காது. விலைமதிப்புள்ள தரையை வைத்திருக்கும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

ஆக, புல். இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதிலும் நம் அருகம்புல். வெளிநாட்டு மைதானங்களில் பெர்முடா என்று பெருமையாகச் சொல்லும் புல் இந்தக் குடும்பம்தான். தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, கிழிந்த இடத்தைத் தானே பின்னி மூடிக்கொள்ளும். இந்த ஆட்டத்துக்கு அந்தக் குணம் மிகவும் முக்கியம். குதிரைப் போலோவில் குளம்பு மண்ணைப் பெயர்க்கும்; இடைவேளையில் பார்வையாளர்களே இறங்கி மிதித்து அமுக்கிவிடுவார்கள். செக்வே பெயர்க்கும் விதம் வேறு. ஒரு சக்கரம் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் சுற்ற, வண்டி நின்ற நிலையிலேயே திரும்பும். புல்லின் மேல்தோல் பிறை வடிவத்தில் உரியும். கோல் வாசலில்தான் அதிகம் திரும்புவார்கள் என்பதால் அங்கே பிறைமேல் பிறையாக விழுந்து, சீக்கிரமே வெறும் மண் தெரிந்துவிடும்.

எடைக்குப் பயப்பட வேண்டாம். சாலைக்கான ஐ2 மாடல் 47 கிலோ, கரடுமுரடு தரைக்கான எக்ஸ்2 மாடல் 54 கிலோ. ஆளும் ஏறினால் 120 கிலோ, 130 கிலோ. டயர் தரையை அமுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ-க்கு மேல் வைக்கிறோம். ஐ2-வுக்கு 15, எக்ஸ்2-வின் அகல டயருக்கு வெறும் 4. கல்யாணத்துக்கு வந்த கார்களை ஒரு ராத்திரி நிறுத்துவது புல்லுக்குச் செய்யும் கேட்டை இந்த வண்டி செய்யாது. அகல டயரின் விலை பேட்டரியில் தெரியும். ஐ2 ஒரு சார்ஜில் 38 கிலோமீட்டர் வரை போகும், எக்ஸ்2 19 வரை என்பது கம்பெனிக் கணக்கு. நாலு சுக்கர் சேர்த்து 32 நிமிடம். முழு வேகத்திலேயே ஓடினாலும் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஒரு ஆட்டத்துக்குத் தாராளம். சார்ஜ் போடாமல் அடுத்தடுத்து இரண்டாவது ஆட்டம் ஆடினால் அந்த 2003 கதை ஞாபகம் இருக்கட்டும்.

புல்லின் உயரம் ஒரு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மெத்துப் பந்து உருளாமல் படுத்துவிடும், மட்டையின் தலை புல்லில் சிக்கும். ஒரு கை பிடியில் இருக்க, மறுகையில் வீசும் மட்டை தரையில் குத்தி நின்றுவிட்டால் உடம்பு பின்னால் இழுபடும். உடம்பு பின்னால் போனால் வண்டி பிரேக் போட்டுவிடும். குதிரையில் அந்தத் தொல்லை கிடையாது. (யானையில் வேறு தொல்லை. நேபாளத்தின் மேகௌலி விமானத் திடலில் 1982-இல் யானைப் போலோ ஆரம்பித்தவர்கள் முதலில் கால்பந்தைத்தான் வைத்தார்களாம். யானைகள் அதை மிதித்து உடைப்பதில் குஷி கண்டுவிட்டன. பிறகு சின்னப் போலோ பந்துக்கு மாறினார்கள்.)

புல் என்று சொல்லிவிட்டால் போதாது, எதன் கூட வளர்ந்த புல் என்று பார்க்க வேண்டும். மைசூர்ச் செம்மண்ணில் நெருஞ்சி தானாக வரும். என்னோடு களையெடுக்கத் தாளவாடியிலிருந்து வரும் அக்கா, ரிசார்ட்டின் பின்பக்கத்துப் புல்வெளியில் காலை வைத்ததுமே செருப்பைத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, பூத்து முடிஞ்சு காயாயிருச்சு. இனி கொத்தி எடுத்தாலும் முள்ளு மண்ணுலதான் கெடக்கும்” என்றார். சின்ன மஞ்சள் பூவுக்குப் பின்னால் வரும் அந்தக் காய், காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முள். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். காற்று அடைத்த டயருக்கு ஆணியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், இது போதும். செக்வே தயாரிப்பு 2020 ஜூலையிலேயே நின்றுபோனது. பழைய வண்டிக்கு டயர் தேடுவது சுலபமில்லை. ஆகவே அந்தப் புல்வெளியின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சீவி எடுத்துவிட்டு, மணல் கலந்த புது மண் போட்டு, அருகம்புல் தண்டை நறுக்கி நடச் சொன்னேன். மேனேஜர் முகம் கொஞ்சம் மாறியது. கோரை இருந்தால் விட்டுவிடலாம், நெருஞ்சியை விட முடியாது.

மண்ணில் மணல் கலக்கச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். மைசூரில் கோடை மழை ஏப்ரல், மே மாதங்களிலேயே ஆரம்பித்துவிடும். தசரா சமயத்தில் செப்டம்பர், அக்டோபரில் மறுபடி கொட்டும். சுத்தச் செம்மண் ஈரமானால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். ஈரத்தில் மாடு நடந்த குளம்புத் தடம் அப்படியே காய்ந்து குழிக் குழியாக நின்றுவிடும். மணல் கலந்தால் இந்த இரண்டு குணமும் அடங்கும். பிறகு சரிவு. நூற்றுக்கு ஒன்று போதும். 128 அடி அகல மைதானத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை 64 அடி. நடு எட்டு அங்குலம் உயர்ந்திருந்தால் மழைத் தண்ணீர் தானாக ஓரத்துக்கு இறங்கிவிடும். இதற்கு மேல் சரித்தால் ஆட்டக்காரனுக்குத் தொல்லை. இந்த வண்டியைத் திருப்புவது பிடியை இடமோ வலமோ சாய்த்துத்தான். பலகை பக்கவாட்டில் சரிந்திருந்தால், நேராகப் போக நினைப்பவனும் மேட்டுப் பக்கம் உடம்பை வளைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

ஊருக்குள் இருக்கும் மைதானங்களில் ஆட முடியாதா என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய மைதானங்களுக்கு மைசூரில் பஞ்சமே இல்லை. தசராவின் கடைசி இரவில் தீவட்டி அணிவகுப்பு நடக்கும் பன்னிமண்டபம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஓவல் மைதானம் இருக்கிறது. 2010 ஜனவரியில் ரஞ்சி இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் ஆறே ரன்னில் மும்பையிடம் தோற்றதே, அந்த கங்கோத்ரி கிளேட்ஸ் இருக்கிறது. (அந்த ஆறு ரன்னை மைசூர்க்காரன் யாரும் மறக்கமாட்டான்.) ஆனால் நம் ஊர் மைதானம் எதுவானாலும் பெரும்பாலும் நடுவில் ஒரு கிரிக்கெட் பிட்ச் உட்கார்ந்திருக்கும். நல்ல மைதானம் என்றால் உருட்டி இறுக்கிய களிமண் பிட்ச். அதில் சக்கரம் ஏற்றினால் கியூரேட்டர் அடிக்க வருவார், அவர் பக்கம்தான் நியாயம். சாதாரண மைதானம் என்றால் சிமென்ட் பிட்ச். சுற்றி மண் கரைந்து அதன் ஓரம் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ நீட்டிக்கொண்டிருக்கும். போல்ட்டை வீழ்த்திய விளிம்புக்கு இது அண்ணன். பிட்ச்சைத் தொடாமல் ஒரு பக்கமாக 200-க்கு 130 அடி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

வாடகைக்கோ சொந்தத்துக்கோ இடம் பார்க்கிறவர்களுக்கு என் பரிசோதனை இதுதான். முதல் நாள் சாயங்காலம் ஹோஸ் பைப்பால் நாலைந்து இடத்தில் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையில் ஆறு அங்குல ஆணியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆழம் இறங்க வேண்டும். ஒரு இடத்தில் முழுசாக இறங்கி, இன்னொரு இடத்தில் கால் அங்குலத்தில் நின்றால் அங்கே மண் மாறுகிறது, அல்லது அடியில் எலி வளையோ பழைய அஸ்திவாரமோ இருக்கிறது. பிறகு பத்தடி அலுமினியப் பட்டையைத் தரையில் கிடத்தி, அடியில் விரல் நுழைகிறதா பாருங்கள். ஒரு விரல் நுழைந்தால் மண் தூவி நிரப்பலாம். இரண்டு விரல் அடுக்கி நுழைந்தால் ரோலர் வர வேண்டும். கடைசியாக ஸ்பிரிங்ளர் தலை எங்கெங்கே புதைத்திருக்கிறார்கள் என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். மேனேஜருக்குத் தெரியாது, தோட்டக்காரருக்குத் தெரியும்.

பிள்ளைகள் வைத்திருக்கும் பிடி இல்லாத ஹோவர்போர்டு பற்றியும் கேட்கிறார்கள். அதன் சக்கரம் ஆறரை அங்குலம். செக்வே சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். புல்லில் அது ஓடாது, சிக்கிக்கொண்டு தூக்கி எறியும். அதற்கு வழவழப்பில்லாத சிமென்ட் தளம்தான் சரி. அந்த பாஸ்கெட்பால் கோர்ட்டில் மூன்று மூன்று பேராக, மெதுவாக, ஹெல்மெட்டும் முழங்கால், மணிக்கட்டுக் கவசமும் போட்டுக்கொண்டு ஆடலாம். கூட்டிப் பெருக்கிவிட்டு ஆட வேண்டும். ஒரு கூழாங்கல் போதும்.

மேனேஜரிடம் கடைசியில் சொன்ன முடிவு: பார்க்கிங் வேண்டாம். பின்பக்கத்துப் புல்வெளியைச் சீவி, மே மாத மழைக்கு முன்னால் மண் போட்டு, ஜூனில் புல் நட்டால் நவம்பர் கடைசியில் ஆடத் தயாராகிவிடும். அங்கிருந்து மார்ச் வரை, பனி காய்ந்த பிறகு காலை பத்து மணிக்கு மேல் ஆடலாம். கோல் வாசலை வாரம் ஒருமுறை பத்தடி தள்ளி வைத்தால் புல்லும் பிழைக்கும். மழை பெய்த மறுநாள் யார் என்ன சொன்னாலும் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது. இவ்வளவுக்கும் சம்மதமில்லாதவர்கள் அந்த இடத்தில் ஷட்டில் கோர்ட் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் நான் வருவேன்.